தீக்குச்சிகளை நடக்கவைத்தவர்

மறைமலை நகரில் என் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பிறகும் விடாத பழக்கம் அது. சில வாரங்களுக்கு முன்பு, பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தி தரையில் கறுப்புத் துணியை விரித்து, ஒரு தீப்பெட்டியைக் கவிழ்த்துக் குச்சிகளை வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு குச்சியையும் நெல்லளவு நகர்த்துவாள், அம்மாவின் கைபேசியில் ஒரு படம் எடுப்பாள், மீண்டும் நகர்த்துவாள். இரண்டு ஞாயிறுகள் இப்படிக் கழிந்தன. ஏறத்தாழ ஐந்நூறு படங்கள் சேர்ந்த பின் அவற்றை வேகமாக ஓட்டிக் காட்டினாள். நாற்பது வினாடிக்குத் தீக்குச்சிகள் எழுந்து நின்றன, அணிவகுத்தன, ஒரு வீடாகிப் பிறகு சரிந்தன.

ஜப்பானிய அனிமேஷன் படங்களைப் பார்த்து இந்த ஆசை வந்ததாக அவள் சொன்னாள். இன்றைய பிள்ளைகளுக்கு அசைவூட்டம் என்றால் ஜப்பான்தான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், தீக்குச்சிகளை இதேபோல் ஒவ்வொன்றாக நகர்த்திப் படமெடுத்த ஒருவர் 1915இல் நம் நாட்டிலேயே இருந்தார் என்று நான் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் பெயரில் ஆண்டுதோறும் அரசு விருது வழங்குகிறது. சிவாஜி கணேசனும் கே. பாலசந்தரும் ரஜினிகாந்தும் அதைப் பெற்றிருக்கிறார்கள் என்றதும் பெயரைக் கண்டுகொண்டாள். தாதாசாகேப் பால்கே. விருதின் பெயராக மட்டுமே நமக்குத் தெரிந்துபோன அந்த மனிதரின் வாழ்க்கையை, அந்தத் தீக்குச்சிகளின் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்க்கலாம் என்று தோன்றியது.

பல தொழில் கற்ற கை

துண்டிராஜ் கோவிந்த் பால்கே, நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரத்தில் 1870 ஏப்ரல் 30 அன்று பிறந்தார். தந்தை வடமொழிப் புலவர். மகனும் அந்த வழியில் செல்வான் என்று எதிர்பார்த்தவர். மகனுக்கோ வரைவதில் நாட்டம். 1885இல் மும்பை ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு பரோடாவின் கலாபவனில் ஓவியம், சிற்பம், நிழற்படம், அச்சுக்கலை எனப் பலவற்றையும் கற்றார். ஒன்றைக் கற்று முடிப்பதற்குள் அடுத்ததன் மீது கண் போய்விடும் இயல்பு அவருடையது. அந்நாளில் அதை நிலையற்ற புத்தி என்றே உறவினர்கள் கருதியிருப்பார்கள். பின்னாளில் அத்தனைக்கும் ஒரே இடத்தில் வேலை வந்தது.

அதற்கு முன் வாழ்க்கை அவரைக் கடுமையாகச் சோதித்தது. குஜராத்தின் கோத்ராவில் நிழற்பட நிலையம் வைத்திருந்தபோது, கொள்ளைநோயில் முதல் மனைவியையும் குழந்தையையும் இழந்தார். படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் மக்களிடம் இருந்ததால் தொழிலும் நிலைக்கவில்லை. நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்தார். மாயவித்தை கற்றுக்கொண்டு, பால்கே என்ற தன் பெயரைத் திருப்பிப் போட்டுப் பேராசிரியர் கேல்பா என்ற பெயரில் மேடையேறினார். 1902இல் மறுமணம், மனைவி சரஸ்வதிபாய். அடுத்த ஆண்டு தொல்லியல் துறையில் வரைவாளராகவும் நிழற்படக்காரராகவும் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் வரும் அரசு வேலை. சுதேசி உணர்வு நாடெங்கும் பரவிய காலத்தில் அந்த வேலையையும் விட்டு, லோணாவளாவில் அச்சகத் தொழிலில் இறங்கினார்.

ரவி வர்மாவின் ஓவியங்கள் வண்ண அச்சுகளாகி வீட்டுப் பூசையறைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது. அந்த அச்சுப்பணியில் பால்கேயின் கையும் இருந்தது. நம் தாத்தா பாட்டிகள் கும்பிட்ட லட்சுமியும் சரஸ்வதியும் அப்படித்தான் நம் வீடுகளுக்கு வந்தார்கள். தெய்வம் இன்ன முகத்தோடு, இன்ன தோரணையில் இருக்கும் என்று மக்கள் மனத்தில் ஒரு படம் பதிவதை அவர் கிட்ட இருந்து பார்த்தார். பின்னாளில் திரையில் அவர் காட்டிய கடவுளர் நேரே பார்வையாளரைப் பார்த்து நின்றதற்கும், ஒவ்வொரு காட்சியும் ஒரு நாள்காட்டிப் படம்போல் அமைந்ததற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. பங்காளிகளோடு ஏற்பட்ட பிணக்கால் அச்சகத்திலிருந்தும் வெளியேறினார். நாற்பது வயதைக் கடந்தவர். கையில் பல கலை, பையில் காசில்லை.

ஒரு பட்டாணிச் செடி

1911இல் மும்பையின் ஒரு கொட்டகையில் ஏசுநாதரின் வாழ்க்கையைச் சொல்லும் வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்தார். திரையில் ஏசு நடமாடியபோது அவர் மனக்கண்ணில் கண்ணனும் இராமனும் நடமாடினார்கள். மறுமுறை சரஸ்வதிபாயையும் அழைத்துச் சென்று காட்டினார். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைவில்லை. கிடைத்த படங்களையெல்லாம் நாள்தோறும் பார்த்தார்; வீட்டுக்கு வந்து சிறு கருவியில் படச்சுருளை ஓட்டிச் சோதித்தார். ஓய்வில்லாத அந்த உழைப்பில் கண்பார்வையே சிறிது காலம் போய்விட்டது. மருத்துவத்தில் பார்வை மீண்டதும் மீண்டும் அதே வேலை. ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து 1912 பிப்ரவரியில் லண்டனுக்குக் கப்பலேறினார். சில வாரங்கள் அங்கே படப்பிடிப்பு நிலையங்களைக் கண்டு, வில்லியம்சன் நிறுவனத்தின் படக்கருவி ஒன்றையும் துளையிடும் கருவியையும் வாங்க ஏற்பாடு செய்துகொண்டு திரும்பினார்.

முதலீடு செய்ய யாரும் முன்வரவில்லை. படம் ஓடும் என்பதை நம்பவைக்க அவர் செய்த காரியம்தான் எனக்கு அவருடைய வாழ்க்கையின் திறவுகோலாகத் தெரிகிறது. ஒரு தொட்டியில் பட்டாணி விதைத்தார். படக்கருவியை அதன் முன் அசையாமல் நிறுத்தினார். விதை முளைத்து, தண்டு நீண்டு, கொடியாகும் வரை ஒரு மாதத்துக்கும் மேலாக, இடைவெளி விட்டு ஒவ்வொரு சட்டகமாகப் பதிவுசெய்தார். மொத்தம் ஒரு நிமிட அளவுக்கே வந்த அந்தப் படத்தில், மண்ணைக் கீறிக்கொண்டு செடி பார்வையாளரின் கண்ணெதிரே வளர்ந்தது. பணம் வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் அசைந்தார்கள்.

வினாடிக்குப் பதினாறு சட்டகம் என்ற அந்நாளைய கணக்கில் ஒரு நிமிடப் படத்துக்கு 960 சட்டகங்கள் வேண்டும். அசைவூட்டத்தின் அடிப்படையும் இதுவேதான்: அசையாத ஒன்றைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒவ்வொரு நிலையையும் பதிவுசெய்து, அடுத்தடுத்து ஓட்டுவது. பார்ப்பவருக்கு ஒரு நிமிடம். செய்பவருக்கு ஒரு மாதம். இந்தியத் திரைக்கலையின் தொடக்கத்தில் ஒரு கதாநாயகன் இருப்பதாகவே நாம் நினைக்கிறோம். அதற்கு முன்னால் ஒரு செடி இருக்கிறது. அந்தச் செடியின் அருகே காத்திருந்த ஒரு மனிதர் இருக்கிறார்.

அரிச்சந்திரனின் ஆலை

1913 மே 3 அன்று மும்பை கிர்காவின் கொரோனேஷன் அரங்கில் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளியானது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று வரலாறு அதைக் குறிக்கிறது. தாதரில் இருந்த வீடே படப்பிடிப்பு நிலையம். படத்தில் நடிக்கப் பெண்கள் யாரும் முன்வராததால், உணவகம் ஒன்றில் வேலைபார்த்த அண்ணா சாளுங்கே என்ற இளைஞர் சந்திரமதியாக நடித்தார். சந்திரமதி என்று நாம் வழங்கும் அரசி வடக்கே தாராமதி. லோகிதாசனாக நடித்தது பால்கேயின் மகன் பாலச்சந்திரா. திரைப்படத்தில் வேலை என்று சொன்னால் ஊர் ஏளனம் செய்யும் என்பதால், அரிச்சந்திரனின் ஆலையில் வேலைபார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும்படி நடிகர்களுக்கு அறிவுறுத்தியிருந்தார். சொன்னது பொய்யும் அல்ல; அது ஆலையேதான்.

அந்த ஆலையை நடத்தியவர் சரஸ்வதிபாய். அறுபது எழுபது பேருக்குச் சமைத்தார். அவர்களுடைய உடைகளை வெளுத்தார். வெயிலில் மணிக்கணக்கில் வெள்ளை விரிப்பைப் பிடித்து நின்று நடிகர்களின் முகத்துக்கு ஒளியைத் திருப்பினார். துளையில்லாமல் வந்த படச்சுருளுக்கு இரவில் இருட்டறையில் அமர்ந்து துளையிட்டார். சுருள் கழுவும் இரசாயனங்களைக் கலந்தார். நகைகளைக் கொடுத்தார். பால்கே காத்திருக்க முடிந்ததென்றால், அந்தக் காத்திருப்புக்கான அரிசியை உலையில் போட ஒருவர் இருந்தார் என்பதே காரணம். பால்கேயின் பெயர் தெரிந்த பலருக்கு அவருடைய பெயர் தெரியாது.

அதே ஆண்டு பால்கே நாசிக்குக்கு இடம்பெயர்ந்தார். ‘மோகினி பஸ்மாசுர்’ படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தார்கள். இந்தியப் படத்தில் பெண்கள் நடித்தது அதுவே முதல்முறை. 1914இல் தன் படங்களோடு மீண்டும் லண்டன் சென்றார். அங்கேயே தங்கிப் படமெடுக்க அழைப்பு வந்தது. தன்னை நம்பி நாசிக்கில் காத்திருந்த தொழிலாளர்களையும், சொந்த மண்ணில் ஒரு தொழிலை நிறுவும் எண்ணத்தையும் விட்டுவர அவர் இசையவில்லை. ஊர் திரும்பும் காலத்தில் உலகப் போர் மூண்டது.

போர்க்காலத்தின் தீக்குச்சிகள்

போரினால் கச்சாப் படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. பணம் போட்டவர்கள் பின்வாங்கினார்கள். பெரிய படம் எடுக்க வழியில்லை. அந்த முடையில்தான் 1915இல் அவர் தீக்குச்சிகளை எடுத்தார். ‘ஆகக்காட்யாஞ்சி மௌஜ்’ என்பது அந்த மராத்திக் குறும்படத்தின் பெயர். தீக்குச்சிகளின் கேளிக்கை என்று பொருள் கொள்ளலாம். பிரான்சில் எமில் கோல் 1908இலேயே தீக்குச்சிகளை உயிர்ப்பித்திருந்தார் என்பது உண்மை. ஆனால், பின்னாளில் அசைவூட்டத்தின் தலைநகராகப் போகும் ஜப்பானில் ஷிமோகாவா, கோச்சி, கிதயாமா என்ற மூன்று முன்னோடிகளின் முதல் படங்கள் திரைக்கு வந்தது 1917இல்தான். நாசிக்கின் தீக்குச்சிகள் அவர்களுக்கு இரண்டாண்டு முன்னரே நடந்துவிட்டன. அந்தச் சுருள் இன்று இல்லை. பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது.

நடிகர்கள் வேண்டாம், அரங்கம் வேண்டாம், உடை வேண்டாம். ஒரு மேசை, ஒரு தீப்பெட்டி, கொஞ்சம் சுருள், எல்லையற்ற பொறுமை. இல்லாமை ஒருவரை எதை நோக்கித் தள்ளுகிறது என்பது அவருடைய தேர்ச்சியைப் பொறுத்தது. ஓவியனாகவும் மாயவித்தைக்காரனாகவும் அச்சுக்காரனாகவும் இருந்த ஒருவருக்கு, கருவியை நிறுத்தி நிறுத்தி இயக்குவதில் ஒளிந்திருந்த வித்தை எளிதில் புலப்பட்டது. இங்கே நம் தென்சென்னைப் பகுதியோடு ஒரு காலப் பொருத்தமும் உண்டு. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், எங்கள் நகரின் பெயருக்கு உரியவரான மறைமலையடிகள் பல்லாவரத்தில் அமர்ந்து தமிழைத் தன் சொற்களாலேயே நிற்கவைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். ஒருவர் சொல்லிலும் மற்றவர் படத்திலும் தேடியது ஒன்றே: நம் கதையை நம் கைப்பொருளால் சொல்லும் தன்மானம்.

வித்தையும் பக்தியும்

1917இல் வந்த ‘லங்கா தகன்’ பால்கேயின் பாணியை முழுமையாக நிறுவியது. இராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் அதே சாளுங்கே. இரட்டைப் பதிவு உத்தியால் அனுமன் பெரிதாகிச் சிறிதாகி வானில் பறந்தான், இலங்கை எரிந்தது. மும்பையில் காலை ஏழு மணி தொடங்கி நள்ளிரவு தாண்டியும் காட்சிகள் நடந்தன. சென்னையில் சேர்ந்த சில்லறைக் காசை மூட்டைகளாகக் கட்டி, காவலர் துணையோடு மாட்டு வண்டியில் கொண்டுசென்றதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்துச் சென்னையில் மோட்டார் வாகன வணிகராக இருந்த ஆர். நடராஜ முதலியார், பால்கேயின் படங்களால் உந்தப்பட்டுப் புரசைவாக்கத்தில் நிலையம் அமைத்து ‘கீசகவதம்’ என்ற தென்னகத்தின் முதல் கதைப்படத்தை எடுத்தார். நாசிக்கின் விதை இங்கேயும் விழுந்தது.

1919இல் வெளியான ‘காளிய மர்தன்’ படத்தின் பெரும்பகுதி இன்றும் காணக் கிடைக்கிறது. கண்ணனாக நடித்தது பால்கேயின் மகள் மந்தாகினி, சின்னஞ்சிறுமி. படத்தின் தொடக்கத்தில் அந்தச் சிறுமி வேடமில்லாமல் தோன்றி, வெவ்வேறு முகபாவங்களைக் காட்டுகிறாள். பிறகு அவள் உருவம் மெல்லக் கரைந்து கண்ணனாகிறது. இந்த இடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இது வித்தை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அவர் வித்தையைக் காட்டுகிறார். இவள் என் மகள், இது வேடம் என்று தெரிந்துகொண்டபின்னும் பார்த்தவர்கள் கைகூப்பினார்கள். ஏமாற்றுவதல்ல அவர் நோக்கம். கைவேலையை மறைக்காமலேயே வியப்பை உண்டாக்க முடியும் என்ற துணிவு அது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து இன்னார் இன்ன வேடத்தில் வருகிறார் என்று அறிவித்த பிறகும் நாம் துரியோதனனுக்கு நடுங்குவதில்லையா? அந்த மரபுதான் இது.

படம் எப்படித் தயாராகிறது என்று காட்டவே 1917இல் தனியாக ஒரு குறும்படமும் எடுத்தார். அதன் எஞ்சிய துண்டுகளில் பால்கே நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், சுருளை வெட்டி ஆராய்வதும் தெரிகின்றன. தொழில்நுணுக்கத்தைப் பூட்டி வைத்துக்கொண்ட மாயவித்தைக்காரர் அல்லர் அவர். திறந்து காட்டிய ஆசிரியர்.

கணக்கும் காத்திருப்பும்

1918இல் தொழிலதிபர்கள் சிலரோடு சேர்ந்து இந்துஸ்தான் பிலிம்ஸ் நிறுவனம் தொடங்கியதும் பணக்கவலை தீர்ந்தது. வேறு கவலை வந்தது. முதலீட்டாளர்களுக்குக் கணக்கு வேண்டும், வேகம் வேண்டும், சிக்கனம் வேண்டும். பால்கேக்கு ஒரு காட்சி சரியாக வரும்வரை நேரம் வேண்டும். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. வட்டிக்கு வாங்கிய பணம் பட்டாணிச் செடிக்காகக் காத்திருக்காது. மனம் கசந்த பால்கே நிறுவனத்தைத் துறந்து காசிக்குப் போனார். அங்கே ‘ரங்கபூமி’ என்ற நாடகத்தை எழுதினார். 1922இல் மீண்டும் அழைத்து வரப்பட்டார். பல படங்கள் எடுத்தார். பழைய நெருப்பு திரும்பவில்லை. அதற்குள் ரசனையும் மாறத் தொடங்கியிருந்தது.

1927இல் அரசு அமைத்த இந்தியத் திரைப்பட விசாரணைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். அந்தக் குழுவின் முன் பால்கேயும் சாட்சியம் அளித்தார். உள்நாட்டுத் திரைத்தொழிலுக்கு அரசின் ஆதரவு தேவை என்று குழு பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைகளைக் காலனி அரசு கிடப்பில் போட்டது.

பேசும்படம் வந்ததும் பால்கேயின் உலகம் முடிந்தது. 1932இல் ஊமைப்படமாக எடுத்து முடித்த ‘சேது பந்தன்’ படத்துக்குப் பின்னர் குரல் சேர்க்க நேர்ந்தது. 1937இல், 67ஆம் வயதில், கோலாப்பூரில் ‘கங்காவதரண்’ என்ற தன் ஒரே முழுப் பேசும்படத்தை எடுத்தார். அதுவே கடைசிப் படம். தொண்ணூறுக்கும் மேற்பட்ட கதைப்படங்களும் பல குறும்படங்களும் எடுத்தவர், 1944 பிப்ரவரி 16 அன்று நாசிக்கில் காலமானார். நாடே கொண்டாடிய அந்தத் தொழில் அவரை அநேகமாக மறந்திருந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1969இல், அவர் பெயரில் விருது நிறுவப்பட்டது.

அறுந்த நூல்

பால்கேயின் பிள்ளைகளாக நாம் நம்மைச் சொல்லிக்கொள்வது பாதி உண்மைதான். அவருடைய கதைப்பட மரபு பெருகி ஆறாக ஓடுகிறது. தீக்குச்சி மரபு அறுந்துபோயிற்று. 1934இல் கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் ஒரு கேலிச்சித்திரப் படத்தை வெளியிட்டது. தற்செயலாக அதன் பெயரிலும் பட்டாணி இருந்தது. ஆங்காங்கே இப்படிச் சில முயற்சிகள். தொடர்ச்சி இல்லை.

1956ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு மும்பையில் அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் கேலிச்சித்திரப் பிரிவு உருவானது. டிஸ்னி நிலையத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து பயிற்சி அளித்தார். ராம் மோகன் போன்ற கலைஞர்கள் அங்கிருந்து உருவானார்கள். அதே 1956இல் டோக்கியோவில் தோயெய் நிறுவனம் தன் அசைவூட்டப் பிரிவைத் தொடங்கியது. இரண்டே ஆண்டுகளில் முழுநீள வண்ணப் படம். 1963இல் ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடர். தோயெய் பட்டறையில் வளர்ந்தவர்களில் இருவர்தான் பின்னாளில் உலகம் வியந்த இசாவோ தகஹதாவும் ஹயாவோ மியாசாகியும். தொடக்கப் புள்ளி ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே திரையரங்கும் தொலைக்காட்சியும் பத்திரிகைப் படக்கதையும் சேர்ந்து கலைஞரின் காத்திருப்புக்குக் கூலி கொடுத்தன. இங்கே ஆண்டுக்குச் சில செய்திக் குறும்படங்களோடு அந்தத் திறமை அரசு அலுவலகக் கோப்பாக முடங்கியது.

இதன் விளைவை நம் இராமாயணத்திலேயே பார்த்தோம். அதை முழுநீள அசைவூட்டப் படமாக்கும் ஆசை யூகோ சாகோ என்ற ஜப்பானியருக்கு வந்தது. அவரும் கோய்ச்சி சசாகியும் நம் ராம் மோகனும் சேர்ந்து இயக்கிய அந்தப் படம் ஜப்பானில் வரையப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் உருவான அது, 2025 ஜனவரியில்தான் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கு வந்தது. சாகோவின் பணி வணங்கத்தக்கது. ‘லங்கா தகன்’ வந்த நாட்டில் அனுமனைக் கோட்டோவியமாகப் பறக்கவிட வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்பதுதான் யோசிக்க வேண்டியது.

இன்று சென்னையிலும் புறநகரிலும் அசைவூட்டமும் கணினி வரைகலையும் படித்த இளைஞர்கள் ஏராளம். வெளிநாட்டுப் படங்களின் கடைசிப் பெயர்ப்பட்டியலில் நம் ஊர்ப் பெயர்கள் நிறைய ஓடுகின்றன. கையில் குறையில்லை, கதையிலும் குறையில்லை. ஒரு சிறு குழு இரண்டாண்டு உட்கார்ந்து பத்து நிமிடப் படம் வரைவதற்கு யார் சம்பளம் தருவது என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது. பிலிம்ஸ் டிவிஷனும் குழந்தைகள் திரைப்படச் சங்கமும் 2022இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டன. இணைப்பு நன்மையா தீமையா என்பது வேறு விவாதம். குறும்படமாக, கைவேலையாக, மெதுவாகச் செய்யும் அசைவூட்டத்துக்கென்று ஒரு பொது நிதி நம் மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. பெரிய தொகையும் வேண்டியதில்லை. கதைப்படத்துக்கு மானியம் தந்து பழகிய அரசுக்கு இது புதிதும் அல்ல. பள்ளிகளில் ஓவிய வகுப்பை, மற்றப் பாடங்களுக்குக் கடன் கொடுக்கும் வகுப்பாக நடத்தாமல் இருந்தால் அதுவே பாதி உதவி. இல்லையென்றால், எல்லாக் காலத்திலும் இந்தக் கலைக்கான செலவை ஒரு சரஸ்வதிபாயின் நகையே ஏற்க வேண்டியிருக்கும்.

பால்கேயின் பட்டாணிக் கதையைக் கேட்ட என் மாணவி, மறுநாளே ஒரு தொட்டியில் அவரை விதை ஊன்றி என் மாடியில் வைத்துவிட்டாள். கைபேசி அம்மாவுடையது. அம்மா காலை எட்டு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டால் திரும்பும்போது இருட்டிவிடுகிறது. அதனால் அம்மா பேருந்து பிடிக்கப் போகும் வழியில் இருவரும் என் வீட்டில் ஏறி இறங்குகிறார்கள். மகள் படம் எடுக்கும் அந்த இரண்டு நிமிடமும் அம்மா, வெயில் தொட்டியில் விழாதபடி துப்பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாளுக்கு இரண்டு படம். இதுவரை இருபத்திரண்டு ஆகியிருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் இரண்டு வினாடிகூட வரவில்லை. மண்ணில் ஒரு வெடிப்பு மட்டும் தெரிகிறது.